வெள்ளி வல்லூறாகக் குமுதினி

கண்ணை மட்டும் அசைக்கலாம் என்று எஸ்தர் உத்தரவு போட்டுவிட்டு உள்ளே போயிருந்தாள். தலை முழுக்க டை. கழுத்தைச் சுற்றிப் பழைய துண்டு, அது நழுவாமல் இருக்கத் துணி காயப்போடும் கிளிப், காலடியில் போன வாரத்து நியூஸ்பேப்பர். சாலிகிராமத்தில் மூன்றாவது மாடி பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் நடிகை குமுதினி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அசையாமல் இருப்பது அவளுக்கு ஒரு சிரமமே இல்லை. பிணமாகப் படுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று சினிமாக்காரர்களே சொல்வார்கள். மூச்சு விடுவது வயிற்றில்கூடத் தெரியாது. ஒருமுறை பொள்ளாச்சியில் மூக்கின் மேல் ஈ உட்கார்ந்து அது பாட்டுக்கு உலாத்தியபோதும் அப்படியே கிடந்தாள்; கேமராமேன் பயந்துபோய் ஓடிவந்து மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தார். அந்தப் பெருமையெல்லாம் இருக்கட்டும், இப்போது நெற்றியோரம் அரிக்கிறது. சொறிந்தால் விரலில் கறுப்பு, விரலிலிருந்து நைட்டியில் கறுப்பு, அப்புறம் எஸ்தர் வாயில் விழுந்து எழ வேண்டும். மனசை வேறு எங்காவது அனுப்பினால் அரிப்பு மறக்கும். அனுப்பினால் அது வேறு எங்கும் போகாமல் மடியிலிருக்கும் போனுக்கே போகிறது. டை பட்டுவிடக் கூடாதென்று எஸ்தர் அதை ஒரு பாலிதீன் பையில் போட்டுக் கொடுத்திருந்தாள். பைக்குள்ளிருந்து குமுதினியைப் பார்த்துக் குமுதினி சிரித்துக்கொண்டிருந்தாள். உடம்பில் வெள்ளிக் கவசம், தோளிலிருந்து விரிந்த இரண்டு இறக்கைகள், காற்றில் பறக்கும் நரைமுடி, நெற்றி நடுவில் பளபளவென்று ஒரு வட்டம், கீழே எறும்புப் புற்று மாதிரி ஊர். 'வெள்ளி வல்லூறாகக் குமுதினி! போடுங்கப்பா, பார்ப்போம்!' என்று எழுதியிருந்தது.

விளையாட்டுதான், தெரியாதா என்ன. ஒரு பழைய படத்தைப் புதிதாக எடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தால் போதும், தயாரிப்பாளர் ஆள் பிடிப்பதற்கு முன் ரசிகர்களே ஆள் பிடித்துவிடுகிறார்கள். இவர் ஹீரோ, அவர் வில்லன், இன்னார் காமெடியன் என்று போஸ்டரும் அடித்துவிடுகிறார்கள். 'வெள்ளி வல்லூறு' பழைய படம். பகலில் பள்ளிக்கூட வாத்தியார், ஆபத்து வந்தால் இறக்கை கட்டிய வீரன். அதில் குமுதினிதான் கதாநாயகி. கதாநாயகி என்றால், தண்ணீர் ஏறாத தொட்டி, ஓடாத லாரி, பூட்டிய மில் என்று வில்லன் எங்கெங்கே கட்டிப்போடுகிறானோ அங்கெல்லாம் கட்டுப்பட்டு, "யாராவது காப்பாத்துங்களேன்!" என்று கத்துகிறவள். கத்திக் கத்தித் தொண்டை கட்டி, டப்பிங்குக்கு வேறு பெண்ணைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அவள் என்ன அழகாகக் கத்தினாள்! அந்தப் படத்தில் ஒரு மத்தியானம். சாப்பாட்டு நேரம், எல்லாரும் இலைக்கு ஓடிவிட்டார்கள். வல்லூறு உடுப்பு தனியாக ஹேங்கரில் தொங்கிக்கொண்டிருந்தது. முகமூடி நாற்காலியில். குமுதினி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு எடுத்து மாட்டிக்கொண்டாள். உள்ளே அடுத்தவர் வியர்வையும் விபூதியும் கலந்த வாசனை. கண் ஓட்டை வழியாகப் பார்த்தால் செட்டே சின்னதாகத் தெரிந்தது, லைட்டுகள், கம்பிகள், தன்னைக் கட்டிப்போடும் தூண், எல்லாமே சின்னது. கட்டிப்போட்ட கயிறுகூட நூல் மாதிரிதான் இருந்தது. யாரோ இருமுவது கேட்டதும் கழற்றி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல ரசம் சாதம் சாப்பிட உட்கார்ந்தாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. செத்துப்போன அக்காவிடம்கூடச் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது, முகமூடிதானே.

பதினோரு மணிக்கு டைரக்டர் பேசுவார் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அதே படம்தான், புது வல்லூறு. இளம்பரிதி என்று ஒரு பையன்தான் டைரக்டர். பையன் என்றால் தாடி வைத்த பையன், இரண்டு படம் எடுத்துப் பேர் வாங்கியவன். குமுதினிக்கு ஹீரோவுக்கு அம்மா வேஷம். அந்த அம்மா படம் ஆரம்பித்ததும் செத்துப்போகிறாள். அவள் செத்த கோபத்தில்தான் மகன் இறக்கை கட்டுகிறான். அப்புறம் ஃப்ளாஷ்பேக்கில் இளமையாக வந்து மகனுக்கு இட்லி ஊட்டுகிறாள். அந்த இட்லிக்காகத்தான் இந்த டை. தைக்கு முன்னால் கடைசியாக ஷூட்டிங் போனது, இப்போது ஆவணி. இடையில் ஒரு போன் இல்லை. வந்ததெல்லாம் கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்கிறவர்கள்தான். இதையும் வேண்டாமென்றால் அடுத்து யார் கூப்பிடப்போகிறார்கள்? சினிமாவில் ஒருவரை மறப்பதற்கு யாரும் மெனக்கெட வேண்டாம், அது தானாகவே நடக்கும். சரி என்று சொல்லிவிட வேண்டியதுதான். சொல்லத்தானே போகிறோம். கூப்பிட்ட வேஷத்துக்குப் போவாள், போட்ட சேலையைக் கட்டுவாள். இத்தனை வருஷத்தில் எனக்கு இது வேண்டும் என்று ஒரு டைரக்டரிடம் அவள் வாய் திறந்ததில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்களே என்ற பயத்துக்கு அவள் வைத்திருந்த பெயர் கௌரவம். அப்படியானால் இந்தப் போஸ்டரை ஏன் விடிந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்? சும்மா. நல்லாப் போட்டிருக்கிறார்களே என்று. முடி நரையாகவே இருக்கிறதே என்று.

எந்த நாள் என்று ஞாபகமில்லை, எந்த ஊர் என்பது ஞாபகமிருக்கிறது, காரைக்குடி. அதுவரை மேடம். ஷாட் ரெடி மேடம், டிபன் என்ன மேடம். அன்று காலையில் புரொடக்‌ஷன் ஆள் கதவைத் தட்டி, "அம்மா, ஷாட் ரெடிம்மா" என்றான். குமுதினி திரும்பிப் பார்த்தாள், பின்னால் யார் அம்மா என்று. யாருமில்லை. அவள்தான். மரியாதையான சொல்தான், அதில் குற்றம் சொல்ல முடியுமா. ஆனால் அன்றிலிருந்து வந்த வேஷமெல்லாம் அதே சொல்லாகிவிட்டது. ஏழை அம்மா என்றால் நரை வைப்பார்கள், பணக்கார அம்மா என்றால் நரையை மறைப்பார்கள், எந்த அம்மாவாக இருந்தாலும் இடைவேளைக்குள் சாக வேண்டும். விஷம், லாரி, ஆஸ்பத்திரி, குண்டு, மகள் ஓடிப்போன அதிர்ச்சி. சில படங்களில் சாகிற வேலைகூட இல்லை, சுவரில் மாலை போட்ட போட்டோவாகவே நடித்திருக்கிறாள். பக்கத்து ஃபிளாட் மாமி ஒருநாள் லிஃப்டில், "நேத்து டிவில உங்க படம்" என்றார். எந்த சீன் மாமி என்று கேட்டால், "அதான், ஊதுவத்தி ஏத்துவாளே" என்றார். குமுதினி சிரித்தாள். வீட்டுக்கு வந்தும் சிரித்தாள். அப்புறம் குளியலறைக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தபோது, நிஜமாகவே ஒருநாள் நாம் போனால் இவர்கள் எந்தப் போட்டோவைப் போடுவார்கள், ஏற்கெனவே மாலை போட்டது அத்தனை இருக்கிறதே என்று நினைப்பு வந்தது. மாமி பாவம், நல்ல மனசோடுதான் சொன்னார்.

இந்தச் சிரிப்பை எங்கே சிரித்தோம்? காலையிலிருந்து இதுதான் உறுத்துகிறது. உடம்பு வரைந்தது, இறக்கை வரைந்தது, முகம் நிஜம். உதடு மூடாத சிரிப்பு, பல் தெரிகிறது, முன்பல்லுக்கு அடுத்த அந்தக் கோணல் பல்லும் தெரிகிறது. கேமரா முன்னால் அந்தப் பல் தெரியாமல் சிரிக்க அவளுக்குப் பழகிப்போயிற்று. அப்படியானால் இது எந்தப் படத்திலும் இல்லை. படத்தில் இல்லாத சிரிப்பு இவர்களுக்கு எப்படிக் கிடைத்தது? படத்துக்குக் கீழே ரசிகர்கள் வேறு எழுதி அடித்துக்கொள்கிறார்கள். 'என்ன கம்பீரம்யா! எமனையே பார்த்துச் சிரிக்கற சிரிப்பு' என்று ஒருவர். 'நெத்தி வட்டத்துலதான் பவரே இருக்கு, அதைத் தொட்டாதான் இறக்கை விரியும்' என்று இன்னொருவர். 'இல்லை, அது சந்திர மண்டலத்து உலோகம்' என்று மூன்றாமவர் கதையே எழுதியிருந்தார். குமுதினி பையோடு போனைக் கண்ணருகே கொண்டுபோனாள். வட்டம். நெற்றி நடுவில், கொஞ்சம் இடப்பக்கம் சரிந்து. விளிம்பில் மஞ்சள் கசிந்திருக்கிறது. தாடையோரம் ஒரு கோடு, துணி அழுந்திய தடம். ஐயோ கடவுளே. அது காசு. பிணத்தின் நெற்றியில் ஒட்டுகிற ஒற்றை ரூபாய். தாடையில் இருப்பது, பிணத்தின் வாய் திறக்காமல் இருக்கக் கட்டுகிற நாடிக்கட்டின் தடம். சாவு சீன் எடுத்து முடித்ததும், செத்தவரை எழுப்பி உட்காரவைத்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கவைத்து ஒரு ஷாட் எடுப்பார்கள். நடித்தவருக்கு எதுவும் ஆகிவிடக் கூடாதே என்று ஒரு திருஷ்டிக் கழிப்பு. அந்தச் சிரிப்பு ஷாட்டை எந்தப் படத்திலும் வைக்க மாட்டார்கள். கும்பகோணத்தில், காவிரிக் கரையில், பாடையிலிருந்து எழுந்து உட்கார்ந்து, காசை எடுக்க மறந்துபோய்ச் சிரித்தது இது. அந்தக் காசைத்தான் சந்திர மண்டலத்து உலோகம் என்கிறார்கள். குமுதினிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது, தலை ஆடியது, காதோரம் ஒரு சொட்டு டை இறங்கியது. சிரிப்பு அடங்கும்போதுதான் அடுத்தது உறைத்தது. படம் கீழேயிருந்து, இடப்பக்கத்திலிருந்து எடுத்தது. அந்த இடத்தில் வாயில் சீப்பைக் கவ்விக்கொண்டு எப்போதும் நிற்கிறவள் ஒருத்திதான். அடுத்த நாள் அதே கொண்டை, அதே கலைசல் வரவேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு ஷாட்டுக்கும் போனில் முடியைப் படம் பிடித்து வைத்துக்கொள்கிறவளும் அவள்தான்.

"எஸ்தரு!"

"வந்துட்டேன்க்கா. ஆடாதீங்கன்னா ஆடிட்டீங்க பாத்தீங்களா, காதெல்லாம் வழியுது." எஸ்தர் ஈரத்துணியோடு வந்து காதைத் துடைத்தாள். குமுதினிக்கு முடி வாரிவிடும் வேலைக்கு வந்தவள், குமுதினி கதாநாயகியாக இருந்த கடைசி வருஷத்தில். ஊரே அம்மா என்று கூப்பிட்டபோதும் அவள் மட்டும் அக்காவை மாற்றவில்லை.

"நெத்தியில இருக்கறது காசுதானே?"

துணி காதிலேயே நின்றது. "எந்தக் காசுக்கா?"

"நடிக்காதே. அதுக்கு நான் இருக்கேன்."

எஸ்தர் கொஞ்ச நேரம் காதையே துடைத்தாள். காதில் டை போய் வெகுநேரமாகியிருந்தது. "கன்டினியுட்டிக்கு எடுத்ததுக்கா."

"சிரிப்பு ஷாட்டுக்கு எதுக்குடி கன்டினியுட்டி?"

"நல்லா இருந்துச்சு, எடுத்துவெச்சேன். எம்பொண்ணு பிளெஸ்ஸி ஆபீஸ்ல இதுமாதிரிதானே டிசைன் பண்றா. அந்தப் படம் திரும்பி வருதுன்னதும் எங்கக்காவ வல்லூறாப் போடுடீன்னேன். காச அழிச்சுடுன்னுதான் சொன்னேன், பரிசுத்த ஆவி சத்தியமா. அவதான் இருக்கட்டும்மா, பவர் மாதிரி இருக்குன்னுட்டா."

ஆக, எஸ்தர். ஊர் இல்லை, உலகம் இல்லை, எங்கேயோ ஒரு மூலையில் இவளைக் கண்ணை மூடாமல் நினைத்துக்கொண்டிருந்த முகம் தெரியாத ரசிகன் இல்லை. அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த எஸ்தர். குமுதினிக்கு முகம் சுருங்கிவிட்டது. விடிந்ததிலிருந்து உள்ளுக்குள் ஒன்று ஊதிக்கொண்டே வந்தது, இப்போது காற்று போயிற்று. தன் வீட்டு ஆளே தனக்கு மாலை வாங்கிப் போட்ட கதை. வெளியே தெரிந்தால் இளம்பரிதி ஆபீஸில் எப்படிச் சிரிப்பார்கள்! கோபமாகத் திட்ட வாயெடுத்தாள். எஸ்தர் முந்திக்கொண்டாள். "போட்டது நாங்கதான். அதுக்கப்புறம் போட்டவங்க யாருன்னே தெரியாதுக்கா. திருநெல்வேலிலேந்து ஒரு டீச்சரம்மா, என் கிளாஸ் புள்ளைங்கல்லாம் கைய விரிச்சுக்கிட்டு ஓடுதுங்கன்னு எழுதிருக்கு. நீங்க அத இன்னும் படிக்கல." "ஏன்டி செஞ்சே? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றாள் குமுதினி. எஸ்தர் துணியை மடித்தாள், பிரித்தாள். "கேட்டா வேணாம்பீங்க. எனக்கு முடியலக்கா. ஒவ்வொரு படத்துக்கும் உங்களுக்கு நாடிக்கட்டு கட்டிவிடறது நான்தான். மேக்கப்காரர் மூஞ்சிய முடிச்சுட்டுப் போயிடுவாரு. துணிய தாடைக்குக் கீழ குடுத்து உச்சியில முடி போடும்போது ஒவ்வொரு தடவையும் என் கை நடுங்குது. உங்களுக்கு எங்கே தெரியும், நீங்கதான் கண்ண மூடிட்டிருப்பீங்களே."

குமுதினி திட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும்போது அவள் என்ன நினைப்பாள்? ஒன்றும் நினைக்க மாட்டாள், அதுதான் அவள் தொழில் ரகசியம். வெயில், கற்பூரம், துணை நடிகைகளின் ஒப்பாரி, அதில் யாரோ ஒருத்தி மாரடிக்க மறந்து கொட்டாவி விடுவது. நெற்றியில் காசை ஒட்டுகிற எஸ்தரின் விரல் எப்போதும் ஜில்லென்று இருக்கும், குழைத்த சந்தனத்தால் அப்படி என்று நினைத்திருந்தாள். இத்தனை வருஷம் சந்தனம் என்றே நினைத்திருந்தாள். ஒருவேளை, குமுதினிக்கு யார் இருக்கிறார்கள், அக்காவும் போய்விட்டாள், கல்யாணம் என்று ஒன்று நடந்ததும் தெரியாது போனதும் தெரியாது, நாளைக்கு நிஜமாகவே அந்தத் துணியைக் கட்ட வேண்டி வந்தால் அதைக் கட்டப்போகிற கையும் இதேதான் என்று எஸ்தருக்கு அப்போதே தெரிந்திருக்கும். படத்துக்குப் படம் அவளை ஒத்திகை பார்க்க வைத்திருக்கிறோம். இவள் மேல் எவ்வளவு பிரியம் நமக்கு, அதைச் சொன்னதே இல்லையே. காபியில் சர்க்கரை போதவில்லை என்பதைச் சொல்லியிருக்கிறோம். பின்னல் இறுக்கம் என்பதைத் தினம் தினம் சொல்லியிருக்கிறோம். குமுதினி கையை நீட்டி எஸ்தரின் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டாள். எஸ்தர், "டைக்கா, டைக்கா" என்று முனகினாளே தவிர, கையை எடுத்துக்கொள்ளவில்லை. அப்படி இருக்கும்போதுதான் மடியில் பாலிதீன் பை நடுங்க ஆரம்பித்தது.

"டைரக்டரு" என்றாள் எஸ்தர், எட்டிப் பார்த்து. காதில் வைத்தால் டை ஒட்டும் என்பதால் அவளே ஸ்பீக்கரைப் போட்டுப் போனைக் குமுதினியின் வாயருகே பிடித்தாள்.

"வணக்கம்மா. இளம்பரிதி பேசறேன். நல்லா இருக்கீங்களாம்மா?" பைக்குள்ளிருந்து வந்ததால் குரல் சளி பிடித்த மாதிரி இருந்தது. நல்ல பிள்ளைதான். அவளுடைய பழைய படங்களைப் பற்றிப் பேசினான், அவன் அம்மாவுக்கு இவளைப் பிடிக்கும் என்றான், பிறகு விஷயத்துக்கு வந்தான். "ஒரு நாலு நாள் போதும்மா. முதல் நாளே அந்த டெத் சீனை முடிச்சிடலாம், உங்களுக்கும் ஃப்ரீயா இருக்கும். சூப்பரா டிசைன் பண்ணிருக்கேம்மா, மழையில..."

மழை வேறு. ஈரத் துணி தாடையில் எப்படி இறுகும் என்று தெரியுமா இவனுக்கு? போனைப் பிடித்திருந்த எஸ்தரின் கை லேசாக ஆடிற்று. பையும் கூடவே சரசரத்தது. குமுதினி இப்போது கண்ணைத் திறந்துகொண்டு அந்தக் கையைப் பார்த்தாள். சரி தம்பி என்றால் முடிந்தது, நாலு நாள் வேலை, நாலு பேர் ஞாபகத்தில் இன்னும் கொஞ்ச காலம். இல்லை என்றால் அதுவும் போயிற்று. கேட்டுவிட்டு இல்லை என்று வாங்கிக்கொண்டால் அதைவிடக் கேவலம், மேனேஜரிடம் சொல்லிச் சிரிப்பான், மேனேஜர் ஊர் முழுக்கச் சொல்வார், இந்த வயசில் அம்மாவுக்கு ஆசையைப் பார் என்பார்கள். ஆசைதான். ஆமாம், ஆசைதான். இதில் பொய் சொல்ல என்ன இருக்கிறது.

"தம்பி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கம்மா. தனி கேரவன்தானே? சொல்லிட்டேன்."

"அது இல்லை. எனக்கு ஒரு வேஷத்து மேல ஆசையா இருக்கு."

"எந்த வேஷம்மா?"

"பறக்கறது."

கீழே தெருவில் பால்காரர் வண்டி கிளம்பாமல் உதைபட்டுக்கொண்டிருந்தது. பிறகு இளம்பரிதி மெதுவாக, "அந்த போஸ்டராம்மா? பாத்தோம், ஆபீஸ்ல எல்லாரும் பாத்தோம். ஆனா ஹீரோ கையெழுத்தே போட்டுட்டாரேம்மா" என்றான்.

"தெரியும் தம்பி. அவர் பறக்கட்டும். ஆகாசத்துல எடமா இல்லை? முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா செத்துப்போறதுக்கு நான் வரலை. இனிமே எந்தப் படத்துக்கும் வரலை."

சொல்லிவிட்டாள். எஸ்தர் வாயில் இடது கையை வைத்துப் பொத்திக்கொண்டாள். குமுதினிக்குச் சமாதானமாக ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று வாய் துடித்தது, சொல்லவில்லை. போனுக்குள் நாற்காலி நகர்ந்தது. யாரோ ஏதோ கேட்டார்கள், இளம்பரிதி "இருங்க, அப்புறம்" என்றான். கதவு சாத்துகிற சத்தம். பின்னால் கேட்டுக்கொண்டிருந்த பேச்சுக்குரல்கள் நின்றன.

"அம்மா" என்றான், இப்போது கிட்டத்தில் வந்து. "ரோப் கட்டி உசரத்துல தூக்கினா பயப்படுவீங்களா?"

"ரொம்பப் பயம் தம்பி" என்றாள் குமுதினி, சந்தோஷமாக.